டாலிகஞ்சில் ஒரு ஹீட் பிரஸ்: வீட்டிலேயே சப்ளிமேஷன் தொழில் தொடங்கச் சில குறிப்புகள்

மக்கில் பேரப்பிள்ளையின் படம், கிளப் பெயர் போட்ட ஜெர்சி, கல்யாண தேதி பதித்த சாவிக்கொத்து. இவற்றில் பல சப்ளிமேஷன் முறையில் அச்சானவையாக இருக்கும். தனி மையால் தனித் தாளில் படத்தை அச்சிட்டு, பொருளின் மேல் ஒட்டி, 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஹீட் பிரஸ்ஸால் அழுத்த வேண்டும். சாயம் உருகாமலே ஆவியாகி பாலியஸ்டருக்குள் இறங்கிவிடும். தடவினால் கைக்குத் தட்டுப்படாது, உரிந்தும் வராது.

தெற்குக் கொல்கத்தாவில் டாலிகஞ்சைப் போல இந்தத் தொழிலுக்கு ஏற்ற இடம் குறைவு. 1931இல் நியூ தியேட்டர்ஸ் எழுந்த நாளிலிருந்து ஸ்டுடியோக்களின் ஊர் இது. இப்போது சீரியல் யூனிட்டுகளும் நிறைய. பாரா என்று இங்கே சொல்லும் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கிளப் உண்டு. கிளப்புக்கு பூஜை, கால்பந்துப் போட்டி, ரத்த தான முகாம் எல்லாம் உண்டு. மெட்ரோவில் இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் போனால் லேக் மார்க்கெட் தமிழர்கள். ஆர்டர் கையில் வருமுன் இயந்திரம் வாங்காமலும், இந்த ஊரின் ஈரக் காற்றை லேசாக எண்ணாமலும் இருந்தால், வீட்டில் ஒரு மேஜையிலேயே இதை நடத்திவிடலாம்.

1. முதலில் ஆர்டர், பிறகு இயந்திரம். நகரில் ஜாப் ஒர்க்காக அச்சிட்டுத் தரும் கடைகள் இருக்கின்றன. உங்கள் டிசைனைக் கொடுத்து இரண்டு மக், ஒரு டி-ஷர்ட், ஒரு மவுஸ் பேட், நாலைந்து ஃப்ரிட்ஜ் மேக்னட் அச்சிட்டு வாங்குங்கள். கிளப் செயலாளர், டியூஷன் சென்டர், அடுக்குமாடி சங்கம், தெரிந்த யூனிட் ஆள் என்று காட்டுங்கள். எதைக் கையில் எடுத்து இரண்டாம் முறை பார்க்கிறார்களோ, அதற்கான இயந்திரத்தை மட்டும் வாங்குங்கள்.

2. ஐந்து வேலை, எட்டு வேலை செய்யும் காம்போ பிரஸ்ஸைக் கடைக்காரர் முதலில் காட்டுவார். மக்குக்கு ஒரு பாகம், தொப்பிக்கு ஒரு பாகம், தட்டுக்கு ஒரு பாகம் என்று கழற்றி மாட்டுவதிலேயே பொழுது போய்விடும். என் அபிப்பிராயம், ஒரு நல்ல மக் பிரஸ் அல்லது 15க்கு 15 அங்குல சமதளப் பிரஸ், இரண்டில் ஒன்றுடன் தொடங்குவதுதான். இரண்டாவதை முதலாவதின் லாபத்தில் வாங்கலாம்.

3. பிரிண்டருக்கு எப்சன் இங்க் டேங்க் வகைதான் வழக்கம். அதன் ஹெட் மையைச் சூடாக்காமல் அழுத்தித் தள்ளுகிறது. சூட்டால் மையைத் தெறிக்கவிடும் கேனான், ஹெச்பி இங்க்ஜெட்டுகள் இந்த மைக்கு ஒத்துவராது. புதுப் பெட்டியைப் பிரித்ததும் கூடவே வரும் சாதாரண மையை ஊற்றிவிடாதீர்கள். முதல் மையே சப்ளிமேஷன் மையாக இருக்கட்டும். இப்படி மை மாற்றினால் கம்பெனி வாரண்டி கிடைக்காது என்பதை முன்பே கணக்கில் வையுங்கள். வாரண்டியோடு வேண்டுமென்றால் எப்சனிலேயே சப்ளிமேஷனுக்கென்று செய்த ஷுவர்கலர் எஃப் வரிசை இருக்கிறது. விலை கூடுதல்.

4. அந்தப் பிரிண்டரில் பள்ளி புராஜெக்ட், ஆதார் நகல் எதுவும் எடுக்கக் கூடாது. வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி மேலே ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.

5. சமதளப் பிரஸ் 1400 முதல் 1800 வாட் வரை இழுக்கும். 16 ஆம்பியர் பிளக், தனி லைன், தனி எம்சிபி மூன்றும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகவே கூடாது. கீசரும் பிரஸ்ஸும் ஒரே நேரத்தில் ஓட வேண்டாம். டாலிகஞ்சின் பழைய வீடுகளில் ஒயரிங்கும் பழையதாகவே இருக்கும். இயந்திரம் வருமுன் எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேலை பெருகியதும் வணிக இணைப்பு தேவையா என்று மின்சாரம் வழங்கும் சிஇஎஸ்சி அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது.

6. தரைத்தள வீடா? பிரஸ், பிரிண்டர், பிளாங்க் எனும் அச்சிடாத பொருள்களின் பெட்டிகள் எல்லாமே மேஜை உயரத்துக்கு மேல்தான் இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் கொல்கத்தாவில் சுமார் 250 மில்லிமீட்டர் மழை கொட்டியது. துர்கா பூஜைக்குச் சில நாட்களே இருந்தன. தெற்குக் கொல்கத்தாவின் பல தெருக்களில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர். மின்சாரம் பாய்ந்து உயிர்களும் போயின. சரக்கு நிரம்பி வழியும் வாரமும் பெருமழை வாரமும் இங்கே ஒன்றாகவே வரக்கூடும். தண்ணீர் வாசலைத் தொட்டால் முதல் வேலை மெயின் சுவிட்சை அணைப்பது. பெட்டிகளை அப்புறம் தூக்கலாம்.

7. மழை வாசலோடு நின்றாலும் ஈரம் உள்ளே வரும். ஜூன் முதல் அக்டோபர் வரை கொல்கத்தாக் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும் போலிருக்கும். சப்ளிமேஷனில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த ஈரத்தால்தான் வருகிறது, பழி மட்டும் மைக்குப் போகிறது. ஈரம் குடித்த தாள் நமத்துப்போன அப்பளம் மாதிரி ஓரம் சுருண்டு வளையும்; அச்சாகும்போது ஹெட்டில் உரசும்; அழுத்தும்போது ஆவி கிளம்பி நிறத்தைத் திட்டுத் திட்டாகப் பரப்பும். படத்தைச் சுற்றி நீலச் சாயை, கறுப்பில் புள்ளி, நடுவில் வெளுப்பு, இவையெல்லாம் தெரிந்தால் முதலில் தாளைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வழி எளிது. தாள் கட்டைப் பிரித்ததும் காற்றுப் புகாத பெரிய டப்பாவில் வையுங்கள். அரிசி கொட்டி வைக்கும் ரப்பர் வளையம் போட்ட டப்பா போதும். உள்ளே நாலைந்து சிலிக்கா ஜெல் பைகள். அன்றைக்குத் தேவையானதை மட்டும் வெளியே எடுங்கள். நிறம் மாறும் வகை சிலிக்கா ஜெல் வாங்கினால் எப்போது ஈரம் குடித்துவிட்டது என்று பார்த்ததும் தெரியும். பையிலிருந்து கொட்டி, சமையலுக்கு எடுக்காத ஒரு தட்டில் மெல்லிய சூட்டில் உலர்த்தினால் மறுபடி பயன்படும். ஏசி இருக்கும் அறை என்றால் அச்சிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு டிரை மோடில் ஓட விடுங்கள். அச்சான தாளை உடனே அழுத்தாமல் ஐந்து பத்து நிமிடம் காய விடுவதும் அவசியம்.

8. துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தாளை வைக்குமுன் வெறும் டி-ஷர்ட்டை ஐந்து முதல் பத்து விநாடி பிரஸ்ஸில் அழுத்துங்கள். ஈரம் போகும், சுருக்கமும் போகும். பிறகு ஒட்டும் ரோலரால் தூசியை எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு வண்ண இழைகூட வெள்ளைத் துணியில் நீலப் புள்ளியாகப் பதிந்துவிடும்.

9. பருத்தியில் இந்தச் சாயம் ஒட்டாது. நம்மவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்; திருப்பூர் பனியனைக் கொண்டுவந்து கொடுத்து, இதில் போட்டுக் கொடுங்கள் என்பார்கள். முதல் நாள் பளிச்சென்று இருந்தாலும் சாயம் பருத்தி இழைக்குள் போகாது, துவைக்கத் துவைக்க வெளுத்துவிடும். நூறு சதவீதம் பாலியஸ்டர்தான் சிறந்தது. கலப்புத் துணியில் பாலியஸ்டர் எவ்வளவோ, நிறமும் அவ்வளவுதான் நிற்கும். கடையில் சாரினா, டாட் நிட் என்ற பெயர்களில் கேளுங்கள்; சாரினா தொடுவதற்குப் பருத்தி போலிருக்கும், டாட் நிட் விளையாட்டு ஜெர்சிக்கு. சந்தேகமென்றால் உள் தையலிலிருந்து ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகச் சுருளும். வைசாக மாதத்துப் புழுக்கத்தில் பாலியஸ்டர் உடம்போடு ஒட்டும் என்பதையும் வாடிக்கையாளரிடம் மறைக்க வேண்டாம். நாள் முழுக்க வெயிலில் நிற்கும் கிளப் தொண்டர்களுக்கு வேண்டுமென்றால், பருத்தியில் ஸ்கிரீன் பிரிண்ட் போடுபவரிடம் அனுப்பிவையுங்கள். அந்த கிளப் அடுத்த முறை ஜெர்சிக்கு உங்களிடம்தான் வரும்.

10. இந்த மையில் வெள்ளை கிடையாது. படத்தில் வெள்ளையாக இருக்கும் இடம், பொருளின் நிறத்திலேயே நிற்கும். எனவே வெள்ளை அல்லது மிக வெளிர் நிறப் பொருள்தான் சரி. கறுப்பு டி-ஷர்ட் ஆர்டரை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

11. தாளில் அச்சாகும்போது நிறம் மங்கலாகத் தெரியும், பதறக் கூடாது. சூடு பட்ட பிறகே உண்மையான நிறம் எழும். மை விற்றவரிடம் அந்த மைக்கும் தாளுக்கும் உரிய ஐசிசி புரொஃபைல் என்ற நிறக் கோப்பைக் கேட்டு வாங்கிக் கணினியில் ஏற்றுங்கள். அதற்குப் பிறகும் திரையை நம்பாமல், ஒரு பழைய டி-ஷர்ட்டில் ஐம்பது அறுபது நிறக் கட்டங்களை எண்ணோடு அச்சிட்டுச் சுவரில் மாட்டிவையுங்கள். மோகன் பாகானின் பச்சையும் மெரூனும், ஈஸ்ட் பெங்காலின் சிவப்பும் மஞ்சளும் இந்த ஊரில் விளையாட்டான விஷயமில்லை. கிளப் ஆட்கள் அந்த அட்டவணையில் விரல் வைத்துக் காட்டிய நிறத்தையே போடுங்கள்.

12. மக் போடும் முறை: 11 அவுன்ஸ் மக்குக்கு சுமார் 20க்கு 9 சென்டிமீட்டர் படம். அச்சிடும்போது இடவலம் மாறிய மிரர் அமைப்பைப் போட மறக்காதீர்கள். எழுத்து இருக்கும் டிசைனில் மறந்தால் மக்கே வீண். மக்கை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, அச்சுப் பக்கம் உள்நோக்கி இருக்கும்படி தாளை இறுக்கமாகச் சுற்றி, வெப்பம் தாங்கும் டேப்பால் ஒட்டுங்கள். 180 டிகிரி, மூன்று நிமிடம் என்று தொடங்கிப் பாருங்கள். உங்கள் இயந்திரத்தின் சரியான அளவு நாலைந்து மக் போட்டால்தான் பிடிபடும். கறுப்பு செம்பழுப்பாக மாறினால் சூடோ நேரமோ அதிகம். மொத்தமாக வெளுத்திருந்தால் குறைவு. ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருந்தால் அழுத்தம் சமமாக இல்லை. வெளியே எடுத்ததும் டேப்பை உடனே பிரித்துத் தாளை எடுத்துவிட்டு, தானாக ஆற விடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் போட்டால் விரிசல் விடும். எல்லா வெள்ளை மக்கிலும் இது பதியாது, சப்ளிமேஷன் கோட்டிங் உள்ள மக் என்று கேட்டு வாங்க வேண்டும்.

13. டி-ஷர்ட்டுக்கு 190 முதல் 200 டிகிரி, 45 முதல் 60 விநாடி. உள்ளே ஒரு அட்டையும் பட்டர் பேப்பரும் வைத்தால் சாயம் பின்பக்கத்துக்குத் தாண்டாது. தாளின் ஓரத்தைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்துவிட்டால், துணியில் சதுரக் கோடு விழுவது குறையும். பிரஸ் திறந்ததும் தாளை ஒரே இழுப்பில் எடுங்கள். பாதி எடுத்துத் திரும்ப விழ விட்டால் இரட்டைப் படம்தான். மேலே வைக்கும் பட்டர் பேப்பரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள்; பழையதில் தங்கிய சாயம் அடுத்த சட்டையில் ஏறும்.

14. கழுத்து முதல் கை வரை முழுக்க அச்சான ஜெர்சியை வீட்டுப் பிரிண்டரில் செய்ய முடியாது. துணியைத் துண்டுகளாக வெட்டி, பெரிய ரோல் இயந்திரத்தில் அச்சிட்டு, பிறகு தைப்பது அது. அதற்காக ஆர்டரை விட வேண்டியதில்லை. டிசைன், அளவுப் பட்டியல், பெயர், நம்பர் எல்லாவற்றையும் நீங்கள் எடுத்து, அச்சும் தையலும் ஜாப் ஒர்க்குக்குக் கொடுங்கள். பெயரையும் நம்பரையும் ஆட்டக்காரரைக் கொண்டே எழுதி வாங்கிக் கையெழுத்துப் பெறுவது வம்பைக் குறைக்கும்.

15. இரண்டு நாளைக்கு ஒரு முறையாவது நான்கு நிறமும் உள்ள ஒரு சிறு படத்தை அச்சிடுங்கள். வேலை இல்லை என்று பத்து நாள் மூடி வைத்தால் நாசில் அடைத்துக்கொள்ளும். ஊருக்குப் போவதென்றால் பக்கத்து வீட்டு பௌதியிடமாவது (வங்காளத்தில் அண்ணி) பட்டனைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

16. சமையலறை இந்த வேலைக்கு இடமில்லை. அழுத்தும்போது வரும் புகையும் நெடியும் மூக்கை உறுத்தும். ஜன்னல் திறந்த அறை, முடிந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். டம்ளர், பாட்டில் போட ஓவன் தேவைப்பட்டால் அதற்கென்று தனியாக வாங்குங்கள். கேக் செய்யும் ஓவனில் ஒரு முறைகூட வைக்காதீர்கள். 200 டிகிரி தகடு அணைத்த பின்னும் வெகுநேரம் சுடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவர்கள் பள்ளிக்குப் போன நேரமே வேலை நேரம். கை பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம்.

17. வங்காள எழுத்தும் தமிழ் எழுத்தும் டிசைன் மென்பொருளில் சில நேரம் உடைந்து வரும். வங்காளத்தில் கூட்டெழுத்து பிரியும். தமிழில் கொம்பு இடம் மாறி நிற்கும். யூனிகோட் எழுத்துருவிலேயே தட்டச்சு செய்து, இறுதியில் எழுத்தை வடிவக் கோடாக மாற்றிய பிறகு அச்சிடுங்கள். நோட்டோ வரிசையில் இரு மொழிக்கும் இலவச எழுத்துரு இருக்கிறது, வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். வங்காள வாசகத்தை வங்காளி ஒருவர் படித்துச் சரி சொல்லாமல் பிரஸ்ஸைத் தொடாதீர்கள். எழுத்துப் பிழையை இந்த ஊர் மன்னிப்பதில்லை, அது நல்ல குணம்.

18. எதை அச்சிடலாம், எதைக் கூடாது? பெரிய கால்பந்து கிளப்புகளின் சின்னம், கார்ட்டூன் பாத்திரங்கள், புதுப்பட போஸ்டர், நடிகர் படம் இவற்றை அனுமதியின்றி விற்பனைக்கு அச்சிடுவது சட்டச் சிக்கல். நிறத்தைப் பொதுவாக யாரும் தடுப்பதில்லை, சின்னத்தைத் தடுக்கலாம். பயமில்லாமல் எடுக்கக் கூடியவையும் உண்டு. தாகூரின் எழுத்துகளுக்கான பதிப்புரிமை 2001ஆம் ஆண்டோடு முடிந்தது. பாரதியாரின் படைப்புகள் 1949லேயே அரசுடைமையாகி, பின்னர் பொதுவாகிவிட்டன. ஒரு பக்கம் தாகூர், மறுபக்கம் பாரதி என்று ஒரு மக், கொல்கத்தாத் தமிழ் வீடுகளுக்கு எவ்வளவு பொருத்தம்! மூலத்தைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சொல் பிசகாமல் போடுங்கள்.

19. நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உழையுங்கள். ரத யாத்திரையன்று பல கிளப்புகள் துர்கா பூஜைப் பந்தலுக்குக் கம்பம் நடும் பூஜை செய்கின்றன. அந்த வாரமே சாம்பிளோடு போய் நிற்க வேண்டும். மகாளயத்துக்குப் பிறகு போனால் ஒருவருக்கும் பேச நேரமிருக்காது. துர்கா பூஜையும் நம் நவராத்திரியும் ஒரே நாட்களில் வருவதால், கிளப்புக்கு டி-ஷர்ட் போடும் அதே கையால் லேக் மார்க்கெட் பக்கத்து கொலு வீடுகளுக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்க மேக்னட், கோஸ்டர், சின்னத் தட்டு செய்யலாம். ஏப்ரல் நடுவில் நம் புத்தாண்டும் வங்காளிகளின் பய்லா பைசாகும் அடுத்தடுத்து வரும். கடைக்காரர்கள் புதுக் கணக்குத் தொடங்கி வாடிக்கையாளருக்குப் பரிசு கொடுக்கும் நேரம் அது. குளிர்காலத்தில் பிக்னிக் கும்பலுக்கும் பாரா கிரிக்கெட்டுக்கும் டி-ஷர்ட். சரஸ்வதி பூஜைக்கு டியூஷன் சென்டர்கள். இடையில் சஷ்டியப்தபூர்த்தியும் பூணூலும் ஆண்டு முழுக்க வரும்.

20. விலை போடும்போது வீணாவதையும் சேருங்கள். ஒரு மக் 80 ரூபாய், தாளும் மையும் டேப்பும் 8, பெட்டி 15, மின்சாரம் 2 என்று வைத்துக்கொண்டால் 105. பத்துக்கு ஒன்று கெட்டால் அடக்கவிலை சுமார் 117. அதற்கு மேல்தான் உங்கள் உழைப்பு, டிசைன் நேரம், இயந்திரத் தேய்மானம். 130க்குக் கொடுத்தால் ஊரெல்லாம் ஆர்டர் வரும், கையில் ஒன்றும் நிற்காது.

21. பாதி முன்பணம் இல்லாமல் பெயர் போட்ட எதையும் செய்யாதீர்கள். ஒருவர் பெயர் போட்ட மக்கை வேறு யாரும் வாங்க மாட்டார்கள். பூஜைக் குழுவினர் நல்லவர்கள்தான், ஆனால் சந்தா வசூலான பிறகே பணம் வரும். "தாதா, துணி வாங்கவே அட்வான்ஸ் வேண்டும்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள், தருவார்கள். டிசைனை வாட்ஸ்அப்பில் அனுப்பி, சரி என்று எழுத்தில் பதில் வந்த பின்பே அச்சிடுங்கள்.

22. ஆவணங்கள்: ஆதாரும் பான் கார்டும் இருந்தால் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், பணம் கேட்கும் இடைத்தரகர் தேவையில்லை. கொல்கத்தா மாநகராட்சியின் டிரேட் லைசென்ஸையும் எடுத்துவிடுங்கள், வங்கியில் நடப்புக் கணக்குக்கு உதவும். பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சத்துக்குள் என்றால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பிறர் கொடுக்கும் பொருளில் அச்சிட்டுத் தருவது சேவைக் கணக்கில் வரும். அதற்கு வரம்பு 20 லட்சம். சென்னைக்கோ திருச்சிக்கோ விற்பதானால் மட்டும் தொகை சிறிதானாலும் பதிவு தேவை. கடன் வேண்டுமென்றால் முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானமின்றிக் கேட்கலாம். மக் பிரஸ், பிரிண்டர், முதல் சரக்கு ஆகியவற்றுக்கு அந்த அளவுக்குள் திட்டம் போடுவதே புத்திசாலித்தனம்.

23. கொள்முதலுக்கு மெட்ரோவே போதும். டாலிகஞ்சின் மகாநாயக் உத்தம் குமார் ஸ்டேஷனில் ஏறினால் நேரே சாந்தினி சௌக். பிரிண்டர், மை, உதிரி பாகம் விசாரிக்க அங்கே போங்கள். இன்னும் இரண்டு ஸ்டேஷன் போய் மகாத்மா காந்தி ரோட்டில் இறங்கினால் படாபஜார் மொத்தக் கடைகள். ஆயத்த ஆடைக்கு மெட்டியாபுருஸ் பெயர்போனது. எங்கே வாங்கினாலும் முதல் முறை ஒரு டஜன் மட்டும். அச்சிட்டுப் பார்த்துப் பிடித்த பிறகு பெட்டி கணக்கில் வாங்கலாம். எந்தக் கடை, எந்த லாட் என்று பெட்டி மேல் எழுதிவையுங்கள். ஒரே கடையின் மக்கிலும் கோட்டிங் லாட்டுக்கு லாட் மாறும்.

24. மக்கை அனுப்புமுன், கட்டிய பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து ஒரு முறை போட்டுப் பாருங்கள். உடையாவிட்டால் கூரியரையும் தாங்கும். ஒவ்வொன்றோடும் ஒரு சிறு சீட்டு வையுங்கள், வங்காளத்திலும் தமிழிலும்: மக்கைப் பச்சை நாரால் தேய்க்க வேண்டாம், மிருதுவான ஸ்பாஞ்ச் போதும், டி-ஷர்ட்டை உள்புறம் திருப்பி, மிதமான சூட்டில் இஸ்திரி போடவும், நாள்கணக்கில் நேர் வெயிலில் விட வேண்டாம், நிறம் மங்கும். அதன் கீழே உங்கள் போன் நம்பர்.